பினக்கிள் பாயிண்ட் குகை நடை: காசு கொடுத்துப் போகலாமா?

போகலாம். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எங்கள் டர்பன் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்கள் நாலு நாள் லீவு கிடைத்தால் கேப்டவுனுக்கு ஓடுகிறோம், இல்லையென்றால் க்ரூகருக்குச் சிங்கம் பார்க்கப் போகிறோம். நடுவில் தென்கரையில் மொசல் பே என்று ஒரு ஊர் இருப்பதையும், அந்த ஊர்க் கடலோரத்தில் பினக்கிள் பாயிண்ட் என்ற இடத்துப் பாறைக்குள் 1,64,000 வருஷத்துக்கு முன்னால் மனிதர்கள் சாப்பிட்டுப் போட்ட சிப்பி ஓடுகள் கிடைத்ததையும் யாரும் யாருக்கும் சொல்வதில்லை. எனக்கும் 2024 வரை தெரியாது. அந்த வருஷம் ஜூலையில் டெல்லியில் கூடிய யுனெஸ்கோ கூட்டத்தில் தென்னாப்பிரிக்காவின் மூன்று பழைய குகை இடங்களைச் சேர்த்து ஒரே உலக மரபுச் சின்னமாக அறிவித்தார்கள்: மேற்கே டீப்க்ளூஃப், தெற்கே பினக்கிள் பாயிண்ட், மூன்றாவது சிபுடு. சிபுடு இருப்பது டர்பனுக்கு வடக்கே எங்கள் ஊரான டோங்காட்டுக்குப் பக்கத்தில். வாசலில் இருப்பதைப் பற்றித் தெரியாமல் பதினான்கு வருஷம் இருந்திருக்கிறேனே என்று அன்றைக்கு இரவெல்லாம் வாசித்துக்கொண்டே இருந்தேன்.

நான் பிறந்தது குளச்சல் பக்கம். கல்யாணமாகி டோங்காட்டுக்கு வந்தேன். என் வீட்டுக்காரர் குடும்பம் கரும்புத் தோட்டத்துக்கு வந்த குடும்பம், ஐந்தாம் தலைமுறை. மாமிக்கு 74 வயசு, தமிழ் நன்றாகப் பேசுவார், அது இங்கே இப்போது அபூர்வம். 2025 செப்டம்பர் 21 மஹாளய அமாவாசை. அன்றைக்கு மாமனாருக்கும் மூத்தவர்களுக்கும் வாழையிலையில் படையல் போட்டுவிட்டு மறுநாள் நாங்கள் நாலு பேரும் விமானம் ஏறினோம். மகளுக்குப் பள்ளியில் இரண்டு நாள் லீவு சொன்னோம், 24-ஆம் தேதி மரபு நாள், அன்றைக்குப் பொது விடுமுறைதான். கிங் ஷாக்கா விமானநிலையம் எங்கள் வீட்டிலிருந்து பத்து நிமிஷம், அங்கிருந்து ஜார்ஜ், ஜார்ஜிலிருந்து வாடகைக் காரில் மேற்கே அரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல். பயணத்தைப் பற்றி இதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை.

ஒரே ஒரு குறை, அதையும் சொல்லிவிட்டு மேலே போகிறேன். டர்பனில் ஒரு பயண முகவரிடம் எல்லாவற்றையும் சேர்த்துப் பதிவு செய்திருந்தோம். அவர் கொடுத்த தாளில் குகை நடை மதியம் இரண்டு மணி என்று போட்டிருந்தது. எனக்கு என்னவோ மனசு கேட்கவில்லை. முந்தின நாள் சாயங்காலம் நானே நடை நடத்துகிறவர்களுக்குப் போன் போட்டேன், காலை பத்து மணி என்றார்கள். கடல் வற்றும் நேரத்தை ஒட்டி வைத்திருக்கிறோம், அதனால் மாற்ற முடியாது என்றும் சொன்னார்கள். போன் போடாமல் இருந்திருந்தால் ஒரு பயணமே வீண். ஆகவே நேரத்தை நடத்துகிறவர்களிடமே கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

குகைகள் ஒரு பெரிய கோல்ஃப் குடியிருப்புக்குக் கீழே, கடலைப் பார்த்த செங்குத்துப் பாறையில் இருக்கின்றன. தனியாகப் போய்ப் பார்க்க முடியாது, வழிகாட்டி கூடத்தான் போகணும். மேலே ஒரு அறையில் உட்கார வைத்து முதலில் பேசுகிறார்கள். பேச்சு கொஞ்சம் நீளம் என்று மகள் முனகினாள், ஆனால் அந்தப் பேச்சு இல்லாமல் கீழே போனால் பாறையும் மண் மூட்டையும்தான் கண்ணுக்குத் தெரியும், தயவுசெய்து அதைத் தவிர்க்க வேண்டாம். எங்களுக்கு வந்த வழிகாட்டி நல்லவர், பொறுமைசாலி, தெரியாததைத் தெரியாது என்று சொல்கிறவர். அவர் சொன்னதும் நான் வீட்டுக்கு வந்து வாசித்துச் சரிபார்த்ததும் கலந்துதான் இதை எழுதுகிறேன்.

விஷயம் இதுதான். பூமி சூரியனைச் சுற்றும் பாதை ஏறக்குறைய 1,00,000 வருஷத்துக்கு ஒரு முறை கொஞ்சம் நீண்டு மறுபடி வட்டமாகிறது. பூமியின் சாய்வு 41,000 வருஷத்துக்கு ஒரு முறை கூடிக் குறைகிறது. பம்பரம் ஓயும் நேரத்தில் தலையை ஆட்டுமே, அந்த மாதிரி அச்சு ஒரு முறை சுற்றி ஆட 26,000 வருஷம் ஆகிறது. இந்த மூன்றும் சேர்ந்து வடதுருவப் பக்கம் கோடை வெயிலைக் கூட்டிக் குறைக்க, பனி சேர்கிறது, உருகுகிறது. இது மனுஷன் கை படாத மாற்றம். அப்படி ஒரு நீண்ட குளிர்காலம் 1,95,000 வருஷத்துக்கு முன்னால் தொடங்கி சுமார் 1,30,000 வருஷத்துக்கு முன்னால் வரை இருந்தது. ஆப்பிரிக்காவில் அது குளிரை விட வறட்சியாகத்தான் வந்தது, உள்நாட்டில் பெரும்பகுதி காய்ந்து போனது. அந்த நேரத்தில் மனுஷக் கூட்டம் மிகவும் சுருங்கி, இந்தத் தென்கரை மாதிரி ஒரு சில இடங்களில்தான் பிழைத்துக் கிடந்திருக்கும் என்பது கர்ட்டிஸ் மரியன் என்ற தொல்லியலாளரின் கருத்து. 2000-லிருந்து இங்கே தோண்டியவர் அவர். எல்லா அறிஞர்களும் இதை ஒப்புக்கொள்ளவில்லை, வழிகாட்டியும் அதை மறைக்காமல் சொன்னார், எனக்கு அது பிடித்திருந்தது.

அப்புறம் படி. நூற்றுக்கும் மேல் மரப்படிகள், நல்ல கைப்பிடி உண்டு, ஆனால் சில இடத்தில் செங்குத்து. மாமியைப் பார்த்து, "மாமி, இங்கேயே பெஞ்சில் உட்கார்ந்துக்கிறீங்களா, நாங்க போயிட்டு வந்துடறோம்" என்றேன். "இவ்வளவு தூரம் வந்துட்டு மேலயே உட்காரவா? நீ முன்னால போ மா, நான் உன் தோளைப் பிடிச்சுக்கிறேன்" என்றார். அப்படியே இறங்கினோம். வழிகாட்டி எங்களுக்காக எல்லோரையும் மெதுவாக நடக்க வைத்தார், ஒருவரும் முகம் சுளிக்கவில்லை.

கீழே காற்று முகத்தில் அடிக்கிறது. இடது பக்கம் கடல், அன்றைக்கு நன்றாக வற்றியிருந்தது, அலைக்கு உள்ளே இருக்கும் பாறையெல்லாம் கறுப்பாக வெளியே வந்து கிடந்தது. தூரத்தில் திமிங்கலம் ஒன்று மூச்சு விட்டது, அந்த மாதங்களில் அவை கரையை ஒட்டி வரும். நாங்கள் முக்கியமாகப் பார்த்த குகைக்கு 13பி என்று எண். 1997-இல் பீட்டர் நில்சன், ஜொனதன் காப்ளன் என்ற இருவர் இந்தக் கோல்ஃப் மைதானம் கட்டுவதற்கு முன்னால் கணக்கெடுக்க வந்தபோது கண்டுபிடித்துப் பதிவு செய்த குகைகளில் ஒன்று. கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 15 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அந்த உயரம்தான் அதைக் காப்பாற்றியது, ஏனென்றால் சுமார் 1,25,000 வருஷத்துக்கு முன்னால் பனி உருகிக் கடல் இப்போதைவிட 6 முதல் 8 மீட்டர் வரை ஏறி நின்றபோது கீழே இருந்த குகைகளுக்குள் இருந்ததையெல்லாம் அலை துடைத்து எடுத்துப் போய்விட்டது. இது தப்பியது. பிறகு ஒரு மணல்மேடு வந்து வாசலை அடைத்து, பல்லாயிரம் வருஷம் மூடியே வைத்திருந்தது. பூட்டிய வீடு மாதிரி உள்ளே எல்லாம் அப்படியே.

குகைச் சுவரில் பழைய மண் இறுகி ஒட்டிக்கொண்டிருக்கிறது, உடைந்த பனைவெல்லக் கட்டி மாதிரி. வழிகாட்டி அதைத் தொடாமல் ஒரு குச்சியால் காட்டினார். முதலில் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. கண் பழகிய பிறகு ஒரு ஓரம் தெரிந்தது, நகத்தின் வளைவு அளவு, உள்பக்கம் மங்கிய நீலமும் வெள்ளையும். சிப்பி. எங்கள் ஊர்ச் சிப்பி! குளச்சலிலும் இனயத்திலும் பாறையில் முங்கி எடுத்துக் கூடையில் கொண்டுவந்து வாசலில் விற்பார்களே, வேகவைத்து உரித்து மிளகாய் தேங்காய் போட்டு வதக்குவோமே, அதே பழுப்புச் சிப்பி. இங்குள்ளதும் நம் கன்னியாகுமரிக் கரையில் உள்ளதும் ஒரே இனம்தான் என்று மரபணு ஆய்வும் சொல்கிறது. மொசல் என்றாலே டச்சு மொழியில் சிப்பிதான், ஊர்ப் பெயரே சிப்பி விரிகுடா. நான் அந்த ஓட்டைப் பார்த்துக்கொண்டே எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது, மகள் வந்து கையைப் பிடித்து இழுத்தாள்.

இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது, அதை விளக்கிய விதத்துக்காகவே இந்த நடைக்குக் காசு கொடுக்கலாம். சிப்பியைக் கிலோமீட்டர் கணக்கில் யாரும் சுமந்து போக மாட்டார்கள், ஓட்டுக் கனம்தான் அதிகம், கறி கொஞ்சம். ஆகவே மண்ணடுக்கில் ஓடு நிறைய இருந்தால் அப்போது கடல் பக்கத்தில் இருந்திருக்கிறது, ஓடே இல்லை என்றால் கடல் விலகிப் போயிருக்கிறது அல்லது ஆட்கள் கடலைத் தேடி வேறெங்கோ போயிருக்கிறார்கள். கடல் விலகுவது என்றால் சாதாரணமாக இல்லை. கடைசிப் பனிக்காலத்தின் உச்சத்தில், சுமார் 20,000 வருஷத்துக்கு முன்னால், நீரெல்லாம் பனிக்கட்டியாகி வடக்கே ஏறி உட்கார்ந்துகொண்டதால் கடல் மட்டம் இப்போதைவிட 120 மீட்டருக்கு மேல் கீழே. இந்தக் கரைக்கு முன்னால் கடலடி தட்டையாக இருக்கிறது, அகுல்ஹாஸ் மேடை என்பார்கள். ஆகவே கரை இங்கிருந்து 90 கிலோமீட்டர் தள்ளிப் போயிருந்தது. நாங்கள் பார்த்துக்கொண்டிருந்த நீலம் முழுக்கப் புல்வெளி. அதில் இப்போது அழிந்துபோன பெரிய எருமையும் பெரிய வரிக்குதிரையும் மேய்ந்தன.

"அப்போ இந்தக் கடல் எங்கே மா போச்சு?" என்று மாமி கேட்டார். அங்கே, என்று தொடுவானத்தைக் காட்டினேன், அதற்கும் அப்பால். கடல்கொண்ட நாடு என்று சின்ன வயசில் நம் எல்லோர் காதிலும் விழுந்த கதைதான் எனக்கு ஞாபகம் வந்தது. அந்தக் கதைக்குள் நான் போகவில்லை. ஆனால் அதே பனிக்காலத்தில் பாக் நீரிணையில் தண்ணீர் இல்லை, ராமேஸ்வரத்துப் பக்கமிருந்து இலங்கைக்கு நடந்தே போகலாம், அது மெய்யாக இருந்த நிலம்.

இந்த மனுஷர்கள் எப்படிப் பிழைத்தார்கள் என்பதை வழிகாட்டி ஒவ்வொன்றாகக் கையில் எடுத்துக் காட்டினார். கடல் ஒரு உக்கிராணம், முதுகுப் பக்கம் ஃபைன்போஸ் புதர்க்காடு இன்னொரு உக்கிராணம். அந்தக் காட்டில் மண்ணுக்கடியில் கிழங்கு வைக்கும் செடிகள் ஏராளம், வாட்சோனியா என்ற ஒன்றின் கிழங்கை இந்தக் கரையில் பிற்காலத்தில் நிறையத் தின்றிருக்கிறார்கள். மேலே செடி காய்ந்தாலும் கிழங்கு உள்ளே இருக்கும், வறட்சிக்கு அதுதான் சாப்பாடு. கிழங்கில் மாவுச்சத்து, சிப்பியில் புரதம். எங்கள் பாட்டி மரச்சீனிக்கிழங்கும் மீன்கறியும் வைப்பது இதே கணக்குதான்.

ஆனால் சிப்பி எடுக்க ஒரு படிப்பு வேண்டும். இந்தக் கடலில் சாதாரண நாளில் அலை அடித்துக் கொன்றுவிடும், நல்ல சிப்பியெல்லாம் ஆழப் பாறையில். அமாவாசையும் பௌர்ணமியும் ஒட்டி வரும் இரண்டு மூன்று நாளில்தான் கடல் நன்றாக வற்றி அந்தப் பாறை வெளியே வரும். ஆகவே நிலாவைப் பார்த்து நாள் எண்ணத் தெரிந்தவர்கள்தான் இங்கே சிப்பியை நம்பி வாழ்ந்திருக்க முடியும் என்று மரியன் எழுதியிருக்கிறார். இதை நான் தமிழில் சொன்னதும் மாமி கடலைத் திரும்பிப் பார்த்தார். "நேத்து முந்தாநாள் அமாவாசை, அதனாலதான் இப்படி வத்திக் கிடக்கு" என்றார். வழிகாட்டிக்கு அதை நான் மொழிபெயர்த்துச் சொன்னேன், அவருக்கு ஒரே சந்தோஷம், அம்மா சொன்னதுதான் பாடமே என்றார்.

கல்லைப் பற்றியும் சொல்லணும். என் கையில் இரண்டு சில்லுகள் வைத்தார், இரண்டும் சில்கிரீட் என்ற ஒரே கல், அவர்கள் இப்போது செய்து பார்த்த மாதிரிகள். ஒன்று மங்கலாக, சிமெண்ட் உடைந்த மாதிரி சொரசொரவென்று இருந்தது. மற்றது சிவந்து, எண்ணெய் தடவிய மாதிரி பளபளப்பு, ஓரம் சவரக்கத்தி. வித்தியாசம் நெருப்பு. கல்லை மணலுக்குள் புதைத்து மேலே தீ மூட்டி, மெல்ல மெல்ல 350 டிகிரி வரை சூடேற்றி, மெல்லவே ஆறவிடணும், அவசரப்பட்டால் வெடித்துவிடும். சூளை வைக்கிறவர்களுக்கு இது புரியும். பினக்கிள் பாயிண்டில் இந்த வேலை 72,000 வருஷத்துக்கு முன்னால் வழக்கமாகவே நடந்திருக்கிறது, 1,64,000 வருஷத்துக்கு முன்னாலேயே செய்திருக்கலாம் என்பதற்கும் தடயம் இருக்கிறது. 71,000 வருஷத்துக்கு முன்னால் இதே சுட்ட கல்லில் விரல்நக நீளத்துக்குச் சின்னச் சின்ன அலகுகள் உடைத்துக் கம்பில் பதித்து எறியும் ஆயுதம் செய்தார்கள். அதைவிட எனக்குப் பெரிதாகப் பட்டது வேறு. அந்த வித்தை அங்கே 11,000 வருஷம் அறுபடாமல் இருந்திருக்கிறது. பாட்டன் பேரனுக்கு, பேரன் அவன் பேரனுக்கு. எழுத்து கிடையாது. எங்கள் தமிழ் இந்த நாட்டில் 165 வருஷத்தில் என்ன பாடுபடுகிறது என்று பார்க்கிறவர்களுக்கு அந்த 11,000 எவ்வளவு பெரிய எண் என்று தெரியும்.

பிறகு தோபா. சுமத்ராவில் 74,000 வருஷத்துக்கு முன்னால் ஒரு எரிமலை வெடித்தது, இப்போது அங்கே நூறு கிலோமீட்டர் நீளத்துக்கு ஏரி கிடக்கிறது. அதன் சாம்பல் நம் ஆந்திராவில் கர்னூல் பக்கம் ஜ்வாலாபுரத்தில் அடுக்காகவே கிடக்கிறது, அதற்குக் கீழேயும் மேலேயும் கல்லாயுதங்கள் உண்டு. இங்கே, 9,000 கிலோமீட்டர் தள்ளி, தலைமுடியைவிடச் சன்னமான கண்ணாடித் துகள்களாக அதே சாம்பலைப் பொறுக்கி எடுத்து 2018-இல் வெளியிட்டார்கள். அந்த அடுக்குக்கு மேலே ஆட்கள் குறையவில்லை, கூடத்தான் செய்திருக்கிறார்கள். கடலும் கிழங்கும் இருக்கிற இடத்தில் இருந்தவர்கள் தப்பிவிட்டார்கள்.

இந்த இடத்தில் எங்களுடன் வந்த ஒரு பெரியவர் கேட்டார்: அப்படியென்றால் பருவநிலை எப்போதும் மாறிக்கொண்டேதானே இருக்கிறது, மனுஷன் எப்போதும் சமாளித்துக்கொண்டுதானே இருக்கிறான், இப்போது மட்டும் எதற்கு இவ்வளவு கூச்சல்? இந்தக் கேள்வியை எங்கள் தெருவிலும் கேட்டிருக்கிறேன், கோயில் கமிட்டியிலும் கேட்டிருக்கிறேன். வழிகாட்டி கோபப்படவில்லை. கடலைக் காட்டினார். அவர்கள் ஒரு சில ஆயிரம் பேர், கடல் விலகினால் பின்னாலேயே நடந்தார்கள், கடல் வந்தால் முன்னால் நடந்தார்கள், நடந்து போகிற இடத்தில் வேறு யாரும் இல்லை, துறைமுகமும் இல்லை, பத்திரமும் இல்லை என்றார். வீட்டுக்கு வந்து நான் எண்களைப் பார்த்தேன். பனிக்காலத்தில் காற்றில் கரியமில வாயு பத்து லட்சத்தில் ஏறக்குறைய 190 பங்கு, பனி உருகிய பிறகு 280, அந்த ஏற்றத்துக்குப் பல ஆயிரம் வருஷம் ஆனது. 280-லிருந்து இப்போதைய 420-க்கு மேல் போக இருநூறு வருஷம்கூட முழுசாக ஆகவில்லை, இது பம்பரத்தின் வேலை இல்லை, கரியும் எண்ணெயும் எரித்த வேலை.

எங்களுக்கு இது ஏட்டுப்பாடம் இல்லை. 2022 ஏப்ரல் 11, 12 தேதிகளில் எங்கள் மாகாணமான குவாசூலு நட்டாலில் பெய்த மழையில் நானூறுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். சில இடத்தில் ஒரே நாளில் 300 மில்லிமீட்டருக்கு மேல். அப்படி ஒரு மழைக்கான வாய்ப்பை மனிதர்களால் வந்த சூடு இரண்டு மடங்காக்கியிருக்கிறது என்று விஞ்ஞானிகள் கணக்கிட்டார்கள். டோங்காட்டில் தண்ணீர் சுத்திகரிக்கும் நிலையம் நாசமாகி, மாதக்கணக்கில் லாரித் தண்ணீர்தான். நானும் மாமியும் வாளியை வரிசையில் வைத்துக் காத்திருந்திருக்கிறோம். ஜோஜோ என்கிற பெரிய பிளாஸ்டிக் தண்ணீர்த் தொட்டி வாங்க முடிந்த வீடு ஒரு மாதிரி, முடியாத வீடு ஒரு மாதிரி. பக்கத்து வீட்டுக்கு யாரும் கேட்காமலே மாமி ஒரு வாளி கொடுத்தனுப்புவார்.

படியேறும்போது நடுவில் ஒரு பெஞ்சு இருக்கிறது. அங்கே மாமி மூச்சு வாங்க உட்கார்ந்தார், நான் பக்கத்தில். அப்போது அவராகவே சொன்னார். "எங்க அப்பாவோட தாத்தா பஞ்சத்துல வந்தவரு மா. மழை இல்ல, மாடு செத்துப் போச்சு, கப்பல்ல சோறு போடறாங்கன்னு சொன்னாங்களாம், ஏறிட்டாரு." எந்தப் பஞ்சம் என்று மாமிக்குத் தெரியாது. எனக்குத் தெரியும், வருஷக் கணக்கு பொருந்துகிறது, தாது வருஷப் பஞ்சம். 1876-இல் பருவமழை பொய்த்தது, பசிபிக் கடல் சூடேறிப் பருவமழையைக் குழப்பும் பெரிய எல் நினோவுக்கு அதில் பங்கு உண்டு, அது இயற்கைதான். ஆனால் சென்னை மாகாணத்து ஜனங்கள் செத்துக்கொண்டிருந்தபோதே துறைமுகத்திலிருந்து தானியம் ஏற்றுமதி ஆனது, அது இயற்கை இல்லை. பஞ்சம் பரவிய எல்லாப் பகுதிகளிலும் சேர்த்து இரண்டு வருஷத்தில் ஐம்பது லட்சத்துக்கும் மேல் போய்ச் சேர்ந்தார்கள். 1860-இல் ட்ரூரோ கப்பல் முதலில் வந்ததிலிருந்து 1911 வரை நட்டாலுக்கு வந்த சுமார் 1,52,000 பேரில் பெரும்பாலோர் சென்னையில் ஏறியவர்கள். கடல் விலகினால் பின்னால் நடந்த அந்தக் குகைக்காரர்களும், மழை பொய்த்ததால் கப்பல் ஏறிய மாமியின் பாட்டனாரும் செய்தது ஒன்றுதான், இருக்கிற இடம் சோறு போடாதபோது கிளம்பினார்கள். வித்தியாசம், குகைக்காரர்களுக்கு முன்னால் வெறும் புல்வெளி இருந்தது, பாட்டனாருக்கு முன்னால் ஐந்து வருஷ ஒப்பந்தமும் கரும்புத் தோட்டத்துச் சர்தார் என்ற கங்காணியும். சமாளித்தார்கள் என்று இரண்டு பேரையும் பற்றி ஒரே வார்த்தையில் சொல்லிவிட எனக்கு மனசு வரவில்லை.

சாப்பாட்டைப் பற்றிக் கேட்பீர்கள். துறைமுகத்தில் சிப்பி வாசனை ஆளைத் தூக்குகிறது, நாங்கள் புரட்டாசி விரதம், ஆகவே உருளைக்கிழங்கு வறுவலும் சாலடும். அடுத்த முறை சித்திரையில் போகணும்.

சிபுடுவைப் பற்றி ஒரு வார்த்தை. அது எங்கள் பக்கத்துக் கரும்புக்காட்டுக்கு நடுவே, டோங்காட்டி ஆற்றுக்கு மேலே, பாறையடி ஒதுக்கிடம். 1998-லிருந்து லின் வாட்லி என்ற அம்மையார் தோண்டினார். 77,000 வருஷத்துக்கு முன்னால் அங்கே கோரை பரப்பிப் படுக்கை போட்டிருக்கிறார்கள், அதன் மேல் ஒரு காட்டு மரத்தின் இலையை விரித்திருக்கிறார்கள், அந்த இலைக்குப் பூச்சி அண்டாது. நாம் நொச்சி வைப்பதும் வேப்பிலை போடுவதும் இந்த வேலைதான். பிற்காலத்தில் பழைய படுக்கையை எரித்துவிட்டுப் புதுசு போட்டிருக்கிறார்கள். நான் இன்னும் அதை நேரில் பார்க்கவில்லை. எங்கள் தமிழ்ப் பள்ளிப் பிள்ளைகளை ஒரு நாள் முறையாக அனுமதி வாங்கிக் கூட்டிப்போகணும் என்று மகளிடம் சொல்லியிருக்கிறேன், அவள் ஏற்கெனவே தோழிகளிடம் சொல்லிவிட்டாள்.

சரி, மதிப்பெண். 5-க்கு நாலரை. அரை குறைத்தது, நடுவில் நிழல் இல்லை, கீழே கழிவறை இல்லை, முதியவர்களுக்கு இது சிரமம். கட்டணம் அந்த ஊரில் ஒரு நல்ல ராச்சாப்பாட்டுக்கு ஆகிற அளவு, நடந்தது மூன்று மணி நேரம், எனக்குக் குறையே இல்லை. மாமி மேலே ஏறி வர நாற்பது நிமிஷம் ஆனது, வழிகாட்டி மற்றவர்களை அனுப்பிவிட்டுக் கடைசி வரை எங்கள் பின்னாலேயே வந்தார். ரப்பர் அடி வைத்த ஷூ போடுங்கள், செருப்பு வேண்டாம். தொப்பி, தண்ணீர், காற்றுக்கு ஒரு ஸ்வெட்டர். கீழே கிடக்கிற ஒரு ஓட்டையும் எடுக்கக் கூடாது, பிள்ளைகளுக்கு முதலிலேயே சொல்லி வையுங்கள். பதிவு செய்யும்போது காலை நடையாகக் கேளுங்கள், அதுவும் அமாவாசைக்கோ பௌர்ணமிக்கோ அடுத்த இரண்டு மூன்று நாளில் கேளுங்கள், அப்போது இந்தக் கரையில் காலை ஒன்பது பத்து மணிக்குக் கடல் வற்றி அந்தக் கறுப்புப் பாறையெல்லாம் வெளியே கிடக்கும். நாள் பார்க்க வீட்டில் தினசரி காலண்டர் மாட்டியிருப்பீர்கள், அதுவே போதும்.